வெந்நீர் அபிஷேகம்

ஊசிக்கரடு என்பது மலை என்று பெயர் வாங்க ஆசைப்பட்ட ஒரு பெரிய பாறை. அதன் அடியில் ஒரு மடம். மடத்துக்கு ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, இரண்டு மாடு, ஒரு ஸ்படிக லிங்கம். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள மயிலாத்தாள் அம்மா.

அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். உபதேசம் என்று எதுவும் செய்ய மாட்டார். யாராவது ஞானம் வேண்டும் என்று வந்து நின்றால், "சாப்டீங்களா?" என்று கேட்பார். சாப்பிட்டாயிற்று என்றால், "அப்ப அந்த மாட்டுக்குக் கொஞ்சம் தண்ணி காட்டுங்க" என்பார். வந்தவர்களில் பாதிப் பேர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய கையோடு பஸ் ஏறிவிடுவார்கள்.

ஏறாமல் தங்கிவிட்டவர் சென்னியப்பன். வயது அறுபதைத் தாண்டியவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தன்னைவிட இவ்வளவு சின்னவரை 'அம்மா' என்று கூப்பிட முதலில் நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, பிறகு பழகிவிட்டது. அம்மா அவரை 'வாத்தியாரய்யா' என்பார். புதிதாக வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு இவர்தான் குரு என்று காலில் விழுவதும் உண்டு. தடுக்கவேண்டிய வேகத்தில் அவர் அதைத் தடுத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் யாருக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. விடையெல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்தில் ஒன்று குறைப்பார். கையெழுத்தும் குண்டு குண்டாக அழகாக இருந்தால், ஓரத்தில் கோடு சரியாகப் போடவில்லை என்று குறைப்பார்.

மடத்துக்கு வந்த புதிதில் லிங்கத்தையும் அப்படித்தான் அணுகினார். சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தார். கண்ணாடி உருண்டையில் இருப்பது போல உள்ளே ஒரு குமிழி கிடையாது. பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தும் இரட்டையாகத் தெரிந்தது. வெறும் கண்ணாடிக்கு அந்த வித்தை வராது. கடைசியாக முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அசல் ஸ்படிகம்னா கண்ணாடிய கீறும்னு சொல்றாங்கம்மா. ஒரே ஒரு தடவ கீறிப் பாத்துக்கலாங்களா?"

"எதை வெச்சுக் கீறுவீங்க?" என்று கேட்டார் அம்மா.

சென்னியப்பன் சாமியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"நூத்துக்கு நூறுங்கம்மா" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. அன்றைக்கே லிங்கத்துக்குத் தினசரி அபிஷேகம் செய்யும் வேலையை அம்மா அவர் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கோயம்புத்தூரில் மகன் தனி அறை ஒதுக்கிவிட்டு வாரா வாரம் போன் செய்தான். போகவில்லை. வருகிற பக்தர்களை நிறுத்தி வைத்து, "உங்க கைக்கடிகாரத்துல குவார்ட்ஸ்னு எழுதியிருக்கா? உள்ள இந்தக் கல்லு சாதியோட ஒரு சில்லுதான் துடிச்சுக்கிட்டு இருக்குது. நேரத்தையே சாமிதான் ஓட்டறாருன்னு தெரிஞ்சுக்கங்க" என்று பாடம் நடத்துவார். பக்தர்கள் அந்தக் கடிகாரத்தையே பார்த்தபடி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மார்கழி வந்தது.

யாரோ ஒருவர் வேண்டுதல் என்று ஒரு மாலையில் நெய் அபிஷேகம் செய்துவிட்டுப் போனார். நெய் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. இரவுப் பனியில் அது லிங்கத்தின் மேல் மெழுகு மாதிரி உறைந்துபோயிற்று. காலையில் சென்னியப்பன் கதவைத் திறந்தால், உள்ளே சாமி இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. துணியால் துடைத்தார். நெய் இடம் மாறியதே ஒழியப் போகவில்லை. திருநீறு போட்டுத் தேய்த்தார். களிம்பாகிவிட்டது.

நூற்றுக்கு நூறு வாங்கிய சாமி மங்கலாக இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அடுப்படிக்கு ஓடினார். அம்மா பால் கறக்கப் போயிருந்தார். அடுப்பில் ஒரு போசி நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, "நமசிவாய" என்று ஊற்றினார்.

நெய் போன இடம் தெரியவில்லை. சாமி பளிச்சென்று நின்றார். வாத்தியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் கை பழக்கதோஷத்தில் அடுத்த வேலையைச் செய்துவிட்டது. இரவெல்லாம் பனியில் இருந்த செப்புக்குடத்துத் தண்ணீரை எடுத்து, தினமும் செய்வது போலவே, தலையோடு ஊற்றிவிட்டார்.

'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

சின்னச் சத்தம்தான். சென்னியப்பன் குடத்தை அப்படியே கீழே வைத்தார். குனிந்து பார்த்தார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே, நட்ட நடுவில், வளைந்த வெற்றிலை மாதிரி ஒரு விரிசல் நின்றது.

அவர் கணக்கு வாத்தியார். அறிவியல் எப்போதும் பக்கத்து வகுப்பில்தான் நடந்தது. இருந்தாலும் என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. லிங்கத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் விரிசல் அவரையே பார்த்தது. கைக்குக் கிடைத்த மாலைகளையெல்லாம் எடுத்து லிங்கத்தைச் சுற்றிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்.

பூக்காரி பாவாயி புது மாலையோடு வந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, சாமிக்கு என்ன குளுருதுங்களா? கழுத்து வரைக்கும் போத்தி விட்டிருக்கீங்க?"

"மார்கழியில்ல?"

"போன மார்கழிக்கு இப்படிப் போத்தலியே?" என்று சொல்லிக்கொண்டே அவள் பழைய மாலையை உருவினாள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழுந்தது. லிங்கத்தின் வயிற்றுக்குள் பச்சையும் நீலமும் சிவப்புமாக வானவில் எரிந்தது.

"ஐயோ சாமி! மயிலு! சாமிக்குள்ள மயிலு!" என்று அலறிக்கொண்டு பாவாயி பூக்கூடையைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் கரட்டடியில் வண்டி நிறுத்த இடமில்லை. ஒருவர் மயில் என்றார். ஒருவர் அம்மனின் பட்டுப்புடவை முந்தானை என்றார். ஒருவர் தன் கட்சிக் கொடி தெரிகிறது என்றார். பக்கத்தில் நின்றவர் அது தன் கட்சிக் கொடி என்றார். இரண்டு பேரும் வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள். அடிவாரத்து டீக்கடைத் தங்கவேலு கடைக்கு 'மயில்லிங்கம் டீ ஸ்டால்' என்று பெயர் மாற்றிப் பலகையும் எழுதிவிட்டான்.

சென்னியப்பன் மட்டும் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது அவருக்கு ஒவ்வோர் அடியும் தன் கன்னத்தில் விழுவது போல இருந்தது. சோறு இறங்கவில்லை. கடைசியில் மறுநாள், அம்மா வெயிலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றார்.

"அம்மா, அது அற்புதம் இல்லீங்க."

"ம்."

"விரிசலுங்க."

"தெரியுமுங்க."

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுங்களா?"

"சத்தம் மாட்டுக்கொட்டாய் வரைக்கும் கேட்டுச்சு. வந்து பாத்தா அடுப்பு மேல போசியக் காணோம். காப்பி வெக்கலாம்னு வெச்ச தண்ணிங்க அது."

"தெரிஞ்சும் ஏனுங்கம்மா இவங்ககிட்டச் சொல்லல?"

"உடைச்சது நீங்க. நான் போயி எப்படிங்க சொல்றது?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏதாச்சும் தண்டனை குடுங்கம்மா. இத்தன வருசம் எத்தன பேர பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன். தப்புப் பண்ணிட்டு சும்மா நின்னு எனக்குப் பழக்கமில்லீங்க."

"தண்டனைய அப்புறம் பாக்கலாம். முதல்ல போயிச் சொல்லிட்டு வாங்க" என்றார் அம்மா, ஒரு புளியங்கொட்டையைத் தட்டி எடுத்தபடி.

சென்னியப்பன் மண்டபத்துக்கு வந்தார். கூட்டம் நிரம்பி வழிந்தது. வகுப்பறைக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. இது அற்புதம் இல்லீங்க. நெய் போகணும்னு நான் சுடுதண்ணி ஊத்தினேன். சூடு ஆறறதுக்குள்ள பச்சத்தண்ணிய ஊத்திட்டேன். சூட்டுல விரிஞ்ச கல்லு திடீர்னு சுருங்க முடியாம உள்ளாற வெடிச்சிருச்சு. அந்த வெடிப்புல மெலிசா காத்து நிக்குது. மழை பேஞ்ச ரோட்டுல வண்டி ஆயில் சிந்துனா கலர் கலராத் தெரியுமில்ல? அதேதான் இதுவும். உடைச்சது நான்தான்."

சொல்லி முடித்ததில் அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார்.

டீக்கடைத் தங்கவேலு முன்னால் வந்தான். "வாத்தியாரே, தண்ணி கொதிச்சுதுங்களா?"

"கொதிச்சுது."

"தளதளன்னுங்களா?"

"ஆமாப்பா, தளதளன்னு."

தங்கவேலு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "கேட்டுக்கிட்டீங்களா? கொதிக்கற தண்ணி நம்ம மேல பட்டா தோலு உரிஞ்சு போகும். சாமி மேல பட்டா மயிலு வருது!"

"அரோகரா!" என்றது கூட்டம்.

"இல்லீங்க, நான் சொல்றது என்னன்னா..." என்று சென்னியப்பன் ஆரம்பித்தார்.

"என்ன அடக்கம் பாருங்க! தன் கையால மயில வரவழைச்சுப்போட்டு, உடைச்சுட்டேன்னு சொல்றாரு" என்று சொல்லிப் பாவாயி அவர் காலில் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையே விழுந்தது. இந்தத் தடவை அவர் நிஜமாகவே, முழு வேகத்தில், தடுத்தார். யாரும் நிறுத்தவில்லை.

அன்றைக்கு அவர் பட்ட வேதனை கொஞ்சமில்லை. சரியான விடையை, வழிமுறையோடு, கடைசி வரி வரைக்கும் எழுதிக் காட்டியும் யாரும் ஒரு மதிப்பெண்கூடப் போடவில்லை. இப்படிப்பட்ட பரீட்சையை அவர் நடத்தியதும் இல்லை, எழுதியதும் இல்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோதுதான் அவருக்கு முழு ஆபத்தும் புரிந்தது. மண்டபத்தில் ஆள் நிற்கிற இடமெல்லாம் ஆவி பறந்தது. ஒருத்தி தூக்குப்போசி கொண்டுவந்திருந்தாள். ஒருவர் பிளாஸ்க். இரண்டு பேர் ஒரு கல்யாண அண்டாவில் கம்பு கோத்துத் தோளில் சுமந்து வந்திருந்தார்கள். தங்கவேலு டீ பாய்லரையே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

"என்னடா இது?" என்றார் சென்னியப்பன்.

"சுடுதண்ணி அபிஷேகமுங்க. எம்பட சம்சாரம் வேண்டிக்கிட்டா" என்றான் தங்கவேலு. "நகருங்க வாத்தியாரே, ஆறிடும்."

சென்னியப்பன் நகரவில்லை. கருவறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஏற்கெனவே வெடித்திருக்கிற கல். இன்னொரு சொட்டுக் கொதிநீர் பட்டால் இரண்டாகப் பிளந்துவிடும். தான் கெடுத்ததில் மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று தவித்தார்.

"உள்ள விட மாட்டேன். என்னைத் தாண்டித்தான் போகணும்."

"வேண்டுதலுங்க வாத்தியாரே. சாமி குத்தமாயிரும்."

வேண்டுதல் என்று வந்துவிட்டால் வாதம் எடுபடாது என்று அவருக்கு நேற்றே தெரிந்துவிட்டது. ஒரு கணம் யோசித்தார்.

"சரி, ஊத்தலாம். ஆனா நான் தொட்டுப் பாத்து சரின்னு சொன்ன தண்ணியத்தான் ஊத்தணும். அதுதான் இந்த மடத்து முறை."

அப்படி ஒரு முறை அந்தக் கணம் வரை எந்த மடத்திலும் கிடையாது. ஆனால் முறை என்று சொன்னதும் கூட்டம் அடங்கிவிட்டது. வரிசையாக வந்தார்கள். சென்னியப்பன் ஒவ்வொரு பாத்திரத்திலும் விரலை விட்டார்.

"ஆ! ஆறட்டும். அப்படி வை. அடுத்தது. ஆ! இதுவும் ஆறட்டும். இதென்னடா, டீயா?"

"பாய்லருங்க. கொஞ்சம் வாசம் இருக்கும்" என்றான் தங்கவேலு.

மண்டபம் முழுக்கப் பாத்திரங்கள் ஆறிக்கொண்டிருந்தன. பாத்திரத்துக்குப் பக்கத்தில் அதற்கு உரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் சலசலவென்று பேசினார்கள். தண்ணீர் சட்டென்று ஆறுவதாக இல்லை. பேச்சுதான் முதலில் ஆறியது. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த மடத்தில் இத்தனை பேர் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பொறுமையில்லாதவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். இருந்தவர்களின் தண்ணீரைச் சென்னியப்பன் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்து, லிங்கத்தையும் தொட்டுப் பார்த்து, இரண்டு குளிர்ச்சியும் ஒன்றாக இருக்கிறது என்று நிச்சயமான பிறகுதான் ஊற்ற விட்டார். எல்லாம் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவருடைய வலதுகை விரல்கள் கொப்புளமாகிவிட்டன. லிங்கம் முழுசாக இருந்தது.

அம்மா கிணற்றடியில் இருந்தார். சென்னியப்பன் துணிமணி அடைத்த தன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நின்றார்.

"இதென்னங்க பை?"

"கோயம்புத்தூருக்குங்க. பையன்கிட்டச் சொல்லிட்டேன்." பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "போறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணுமுங்க. நம்ம சாமிக்கு சுடுதண்ணி இவ்வளவு ஆகாதுங்களா?"

"ஆகாதா? பொறந்ததே சுடுதண்ணியிலதானுங்களே" என்றார் அம்மா. அவர் கையைப் பிடித்துப் பார்த்து, கொப்புளத்தின் மேல் கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். "இங்க உள்ள எட்டிப் பாருங்க."

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். கிணற்றின் உள்பக்கம் கரும்பாறை. அதன் குறுக்கே கோணல்மாணலாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

"வெங்கச்சாங்கல்லுங்க. அதுவும் குவார்ட்ஸ் சாதிதானுங்க" என்றார்.

"இந்தக் கெணறு தோண்டறப்ப அந்தக் கோட்டுக்கு நடுவால ஒரு பொந்து இருந்துச்சு. அதுக்குள்ளதான் நம்ம சாமிக்கல்லு, ஆறு பட்டையா நின்னுச்சு. சொரங்க ஆபீசுல இருந்து ஒருத்தர் வந்து பாத்தாரு. அவரு சொன்னது இது. எந்தக் காலத்துலயோ பாறை வெடிச்சிருக்குது. அடியில இருந்து கொதிக்கற தண்ணி, கல்லக் கரைச்சுக்கிட்டு வெடிப்புல ஏறியிருக்குது. ஏறின தண்ணி ஆற ஆற, கரைஞ்சது துளித்துளியாப் படிஞ்சு படிஞ்சு ஸ்படிகமா நின்னுபோச்சாமா."

"ஆறறதுக்கு எவ்வளவு காலம் ஆச்சுங்களாமா?"

"அதை அவரும் சொல்லலீங்க. மேல இருந்து யாரும் பச்சத்தண்ணி ஊத்தலைன்னு மட்டும் தெரியுது."

சென்னியப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அந்த வெள்ளைக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தால் விடைபெற வேண்டும்.

"நாளைக்கு யாருங்கம்மா அபிஷேகம் பண்றது?" என்று கேட்டார். அதைக் கேட்பதற்குள் அவர் பாடு பெரும்பாடாகிவிட்டது.

"நீங்கதான். வேற யாரு?"

"நானுங்களா? உடைச்சவனுங்கம்மா நான். உடைக்காதவங்களா ஒருத்தரப் பாத்துக் குடுங்க."

"உடைக்காதவங்களா?" என்றார் அம்மா. "அண்டாவத் தூக்கிக்கிட்டு காலையில வரிசையா நின்னாங்களே, பாக்கலீங்களா?"

அம்மா அவர் கக்கத்திலிருந்த பையை எடுத்துக் கிணற்று மேட்டில் வைத்தார்.

"தண்ணி ஊத்தறதுக்கு முந்தி விரல விட்டுப் பாக்கற ஆளு, இந்தக் கரட்டுச் சுத்துவட்டாரத்துலயே இப்ப நீங்க ஒருத்தர்தானுங்க."